கண் அரிப்பும் யூஃப்ரேசியாவும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில மாதங்கள் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது கண்ணைப் பற்றித்தான். ஊரில் இல்லாத அரிப்பு இங்கே வந்ததும் தொடங்கிவிட்டது, காலையில் எழுந்தால் இமை தடித்திருக்கிறது, கூடவே தொடர் தும்மல். "அம்மா யூஃப்ரேசியா கொடுத்து அனுப்பியிருக்கிறார். எத்தனை உருண்டை போட வேண்டும்? கண்ணில் விடும் சொட்டு மருந்தாகவும் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். யூஃப்ரேசியா என்பது கண் தொல்லைக்குத் தரும் ஒரு ஹோமியோபதி மருந்து.

இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்துவதில்லை. என் பெரியப்பா வீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் கார்க் அடைத்த சின்னச் சின்னக் குப்பிகள் வரிசையாக நிற்கும். சாராய நெடியும் சீனி வாசனையும் கலந்து வரும். கண் கலங்கிக்கொண்டு போய் நின்றால் உடனே மருந்து தந்துவிட மாட்டார். "எரிவது கண்ணா, மூக்கா?" என்று முதலில் கேட்பார். கண்ணில் கல்லோ குச்சியோ பட்டது என்று தெரிந்தால் பெட்டியைத் திறக்கவே மாட்டார். சைக்கிளில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார். குப்பியைத் தொடுவதற்கு முன் கேட்டறியும் அந்தப் பழக்கத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் வற்புறுத்தப் போகிறேன்.

முதல் படி: கண்ணாடி முன் நின்று பாருங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் இரண்டு கண்களையும் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக மூடி, மற்றதால் எதிரே உள்ள ஓர் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு கண்களும் அரிக்கும். எரிச்சலைவிட அரிப்புத்தான் முன்னே நிற்கும், தேய்க்கத் தேய்க்கச் சுகமாக இருக்கும், பிறகு மேலும் வீங்கும். தெளிந்த நீர் வடியும். சில நேரம் நூல் போல வெள்ளைப் பீளை இழுபடும். மூக்கொழுகலும் தும்மலும் கூட வரும்.

காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் பீளை தள்ளி, ஒரு கண்ணில் தொடங்கி மறுகண்ணுக்குப் பரவினால் அது தொற்று. நம் ஊரில் "மெட்ராஸ் ஐ" என்று சொல்வது இந்த வகைதான். நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் அறையில் இது ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வர நாளாகாது. துண்டு, தலையணை உறை, சோப்பு எல்லாவற்றையும் அன்றே தனியாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, கண் வறட்சி. மணல் விழுந்தது போன்ற உறுத்தல் இருக்கும். குளிரூட்டிக் காற்று நேராக முகத்தில் படும் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் திரையைப் பார்க்கிறவர்களுக்கு மாலையில்தான் இது கூடும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. இதை ஒவ்வாமை என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் கண்ணை இன்னும் வறளச் செய்யும்.

இரண்டாம் படி: எந்தக் கண்ணுக்கு வீட்டு மருந்தே கூடாது

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் யூஃப்ரேசியா மட்டுமில்லை, வேறு எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்: கண்ணில் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் கடுமையாகச் சிவத்தல், நெற்றியிலோ இமையிலோ கொப்புளம், கண்ணில் அடிபட்டிருத்தல். பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை தள்ளினாலும் அப்படியே.

கண்ணில் லென்ஸ் அணிகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கண் சிவந்தால் லென்ஸை உடனே கழற்றுங்கள். 2005-க்கும் 2006-க்கும் இடையில் சிங்கப்பூரில் லென்ஸ் அணிந்த 66 பேருக்கு ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழித் தொற்று வந்தது. அப்படிப்பட்ட தொற்றும் தொடக்கத்தில் சாதாரணச் சிவப்பாகத்தான் தெரியும். குழாய்நீர் இங்கே குடிக்க நல்ல நீர், ஆனால் லென்ஸைக் கழுவ ஆகாது. அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி நீர் வழியாக வந்து கருவிழியைத் தின்னும்.

கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிமார்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். சிமென்ட் காரத்தன்மை கொண்டது. கண்ணில் பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஓடும் குழாய்நீரில் கண்ணைத் திறந்து பிடித்து 20 நிமிடமாவது கழுவ வேண்டும். மேற்பார்வையாளரைத் தேடுவதும் மருந்து தேடுவதும் அதற்குப் பிறகுதான். பிறகு நேரே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அரைக்கும் இயந்திரத்திலிருந்து இரும்புத் துகள் தெறித்திருந்தால் தேய்க்காதீர்கள், நண்பனை விட்டுத் தீக்குச்சியால் எடுக்கச் சொல்லாதீர்கள். பற்றவைப்பு (வெல்டிங்) ஒளியைப் பார்த்தவனுக்குச் சில மணி நேரம் கழித்து, நடு இரவில் கண் எரிந்து நீர் கொட்டும். அதுவும் ஒவ்வாமை இல்லை. வேலையிடத்தில் நேர்ந்த காயத்தை அன்றே முதலாளியிடம் தெரிவித்துவிடுங்கள். "சின்னதுதானே" என்று மறைப்பது பின்னால் இழப்பீட்டுக்கும் இடைஞ்சலாகும், பார்வைக்கும் கேடாகும்.

மூன்றாம் படி: யூஃப்ரேசியா என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லை, வெறும் அரிப்பும் நீர்வடிதலும்தான் என்றால் இப்போது குப்பியைக் கையில் எடுக்கலாம்.

யூஃப்ரேசியா ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளிகளில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக வளரும் சிறு செடி. பக்கத்துப் புல்லின் வேரில் தன் வேரைச் செருகி நீரும் உப்பும் உறிஞ்சிக்கொள்ளும் பாதி ஒட்டுண்ணி. வெள்ளை இதழில் ஊதா நரம்புகள் ஓட, நடுவில் மஞ்சள் பொட்டு இருக்கும். பூவைப் பார்த்தால் சிவப்பு நரம்போடிய கண் ஒன்று நம்மைப் பார்ப்பது போல் இருக்கும். உருவத்தில் எந்த உறுப்பை ஒத்திருக்கிறதோ அந்த உறுப்பின் நோய்க்கு அந்தச் செடி மருந்தாகும் என்று பழைய ஐரோப்பியர்கள் நம்பினார்கள். இது கண்ணுக்கு மருந்தானதும் அந்த நம்பிக்கையில்தான். சிங்கப்பூரின் வெப்பத்தில் இது வளராது. ஆனால் இதன் உறவுச் செடியொன்று போர்னியோவின் கினபாலு மலை உச்சிப் பகுதியில் வளர்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இந்த மூலிகையை ஹோமியோபதி மருந்தாக்கியவர் அந்த முறையைத் தோற்றுவித்த ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843). நலமாக இருப்பவருக்கு எந்தப் பொருள் எந்தத் தொல்லையை உண்டாக்குமோ, அதையே மிக நுண்ணிய அளவில் கொடுத்தால் அந்தத் தொல்லை உள்ளவருக்குக் குணமாகும் என்பது அவருடைய கொள்கை. என் பெரியப்பா கேட்ட கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. கண்ணீர் காரமாகக் கன்னத்தை எரித்து, மூக்குநீர் எரிச்சலில்லாமல் ஒழுகினால் யூஃப்ரேசியா. மூக்குநீர் காரமாக மூக்கின் கீழே புண்ணாக்கி, கண்ணீர் எரிச்சலில்லாமல் வடிந்தால் வெங்காயத்திலிருந்து செய்யும் ஆலியம் சீப்பா. ஹோமியோபதி மருத்துவர்கள் இரண்டையும் பிரிப்பது இப்படித்தான்.

இது வேலை செய்கிறதா? ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் ஹோமியோபதி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டது: ஹோமியோபதி குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று உள்ள நோய் ஒன்றுகூட இல்லை. யூஃப்ரேசியா கண் சொட்டு மருந்தைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நலமானது என்று 2000-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அந்த மருந்தைப் பெறாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சாதாரணக் கண் சிவப்பு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும் என்பதால், மருந்தால் அடங்கியதா நாளானதால் அடங்கியதா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மூலிகையாகவே பார்த்தாலும் நிலை இதுதான். ஜெர்மனியில் மூலிகைகளை ஆராய்ந்த கமிஷன் இ என்ற அரசுக் குழு, இதன் பலன் நிறுவப்படவில்லை என்றும், தூய்மைக்கு உறுதி இல்லாததால் கண்ணில் இடுவதைப் பரிந்துரைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது.

பெரியப்பாவின் பெட்டி மீது எனக்கு இருக்கும் பாசம் குறையவில்லை. ஆனாலும் ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளை என்னை நம்பிக் கேட்கும்போது, தெரிந்த உண்மையைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது.

நான்காம் படி: குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். ஒரே பெயரில் நான்கு வகைப் பொருள்கள் விற்கின்றன, நான்கும் ஒன்றில்லை.

30 சி, 200 சி என்று போட்ட சீனி உருண்டைகள் முதல் வகை. சி என்றால் நூறு மடங்கு நீர்த்தல். ஒரு சொட்டுச் சாற்றை 99 சொட்டு நீர்மத்தில் கலந்து குலுக்கி, அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி 99 சொட்டில் கலக்க வேண்டும். இப்படி 30 முறை செய்தால் 30 சி. கணக்கிட்டால் 1-க்குப் பின் 60 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு வருகிறது. 12 சி-யைத் தாண்டும்போதே செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. ஹோமியோபதியில் இதைத்தான் "வீரியம் கூடியது" என்பார்கள். இந்த உருண்டை லாக்டோஸும் சர்க்கரையும்தான். நாலைந்து உருண்டையால் பெரியவர்களுக்குக் கேடு வராது.

6 எக்ஸ் போன்றவை இரண்டாம் வகை. எக்ஸ் என்றால் பத்து மடங்கு நீர்த்தல். 6 எக்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் செடியின் பொருள் உண்மையிலேயே சிறிது இருக்கும்.

மூன்றாவது வகையைப் பற்றிச் சத்தமாகவே சொல்ல வேண்டும். குப்பியின் மேல் "கியூ" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது தாய்த் திரவம், அதாவது செடியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சொட்டுக் குழாயும் உடன் இருப்பதால் கண்ணில் விடும் மருந்து என்று எண்ணிவிடுகிறார்கள். என் அறைத்தோழர் ஒருவர் அப்படி விட்டுக்கொண்டு, இரவு முழுவதும் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தார். குளியலறைத் தொட்டியில் தலையைக் குனியவைத்து நாங்கள் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். தாய்த் திரவத்தைக் கண்ணில் விடாதீர்கள். தண்ணீரில் கலந்தும் விடாதீர்கள். வீட்டில் கலந்த எந்த நீரும் கிருமி நீக்கியது ஆகாது. சாராயம் கலந்ததை உண்ணாத சமயத்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது வகை, கண்ணில் விடுவதற்கென்றே செய்த யூஃப்ரேசியா சொட்டு மருந்து. சில நாடுகளில் கடையிலும், இணையம் வழியாகவும் விற்கிறார்கள். விழுங்குவதற்கும் கண்ணில் விடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வாய் வழியாகப் போவது வயிற்று அமிலத்தையும் ஈரலையும் கடந்துதான் உடலில் சேர்கிறது. கண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. 2023-இல் அமெரிக்காவில், சென்னை அருகே தயாரான செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புடைய ஒரு நுண்ணுயிர்த் தொற்றில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். அது ஹோமியோபதி மருந்து இல்லை. தூய்மை தவறினால் ஒரு கண் சொட்டு மருந்து எந்த அளவுக்குப் போகும் என்பதற்காகச் சொல்கிறேன். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எட்டு நிறுவனங்களுக்கு ஒப்புதல் பெறாத கண் மருந்துகளைப் பற்றி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றில் ஹோமியோபதிக் கண் சொட்டுகளும் இருந்தன.

சிங்கப்பூரில் ஹோமியோபதி மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் விற்பனைக்கு முன் ஒவ்வொன்றாகச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. "சிங்கப்பூரில்தானே வாங்கினேன், அரசாங்கம் பார்த்திருக்கும்" என்று எண்ணிவிடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவருவதென்றால் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். குப்பியில் ஒட்டிய அச்சுச் சீட்டு கிழியாமல் இருக்கட்டும்.

உருண்டையைத்தான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் அரிப்புக் குறையவில்லை என்றால் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் அடுத்த படிக்கு வாருங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த எந்த மருந்தையும் இதற்காக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவும் கூட உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

ஐந்தாம் படி: படுக்கையைப் பாருங்கள்

எனக்குக் கண் அரிப்பு வந்தபோது நான் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், தேக்காவுக்குப் பின்புறம் ஒரு வாடகை அறையில் மூன்று பேருடன் இருந்தேன். அம்மா அனுப்பிய உருண்டைகளை மூன்று வாரம் சாப்பிட்டேன். பகலில் பரவாயில்லை, விடியற்காலையில் கண் சிவந்து வீங்கிவிடும். கடைசியில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். அங்கே மருத்துவர் மேல் இமையைத் திருப்பிப் பார்த்தார், ஒவ்வாமையின் அடையாளமாகச் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. நான் படுப்பது யாருடைய மெத்தை, எத்தனை ஆண்டு பழையது என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு முன் எத்தனை பேர் அதில் படுத்தார்கள் என்பதை வீட்டுக்காரராலும் சொல்ல முடியவில்லை.

ஐரோப்பாவில் யூஃப்ரேசியாவைத் தேடுவது வசந்த காலத்தில் மகரந்தம் பறக்கும்போது. சிங்கப்பூரில் அப்படியொரு பருவமே இல்லை. இங்கே கண்ணையும் மூக்கையும் வதைப்பது ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளராது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்கு உணவு. ஈரப்பதம் அதற்கு உயிர், அது சிங்கப்பூரில் எந்நாளும் உண்டு. அதன் கழிவு தூசியில் கலந்து கண்ணில் படும்போது, சிலருடைய உடல் அதைப் பகை என்று எண்ணிக்கொள்கிறது. கண்ணின் வெண்படலத்தில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் ஒவ்வாமை அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அரிப்பும் சிவப்பும் நீரும் அதன் விளைவுதான். இரவு எட்டு மணி நேரம் முகம் தலையணையில் புதைந்திருப்பதால் காலையில் தொல்லை மிகுதியாகிறது.

ஆகவே செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். தலையணை உறை, மெத்தை விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். தண்ணீர் சூடில்லாவிட்டால் அழுக்குப் போகும், பூச்சி சாகாது. வாடகை வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் குளிர்ந்த நீர்தான் வரும். அப்படியானால் உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் (புளோக்) கீழேயோ பக்கத்துக் கடைத்தொகுதியிலோ இருக்கும் தானியங்கி சலவைக் கடைக்கு எடுத்துப் போய், சூடான உலர்த்தியில் போடுங்கள். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடுவது துணியை உலர்த்தும், ஆனால் பூச்சியைக் கொல்ல அந்த வெயிலை மட்டும் நம்ப முடியாது.

அடுத்தது தலையணை. பழையதை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். மெத்தையை மாற்ற முடியாதவர்கள், தூசிப்பூச்சி புகாதபடி நெருக்கமாக நெய்த, பொத்தானில்லாமல் ஜிப் வைத்த உறையை வாங்கி மெத்தை முழுவதையும் மூடிவிடலாம். குழந்தையின் பஞ்சுப் பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைநிலைப் பெட்டியில் (ஃப்ரீசர்) ஒரு நாள் வைத்து, பிறகு துவையுங்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படுக்கையில்தான் படியும், ஈரத்துணியால் துடையுங்கள். குளிரூட்டியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். மின்விசிறி நேரே முகத்தில் வீசாதபடி படுக்கையைத் திருப்பிப் போடுங்கள்.

எனக்கு அரிப்பு அடங்கியது மெத்தைக்கு உறை போட்டு, வெந்நீர்ச் சலவை தொடங்கிய பிறகுதான். ஒரே இரவில் அடங்கவில்லை, ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

கரப்பான்பூச்சியாலும் சிலருக்கு இதே தொல்லை வரும். புகைமூட்டம் வேறு கதை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் அக்டோபர் வரையான மாதங்களில் காட்டுத்தீப் புகை இங்கே வரும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401 வரை ஏறியது. புகையால் எல்லோர் கண்ணும் எரியும். அது ஒவ்வாமை அல்ல, நேரடி எரிச்சல். அப்போது தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் அளவைப் பார்த்து, சன்னலை மூடி, லென்ஸுக்குப் பதில் மூக்குக்கண்ணாடி அணிவதுதான் வழி.

ஆறாம் படி: மருந்துக் கடையில் என்ன கேட்பது

கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி போன்ற கடைகளில் எல்லாக் கிளையிலும் மருந்தாளுநர் இருக்க மாட்டார்; அவர் இருக்கும் கிளைக்கு, இருக்கும் நேரத்துக்குப் போங்கள். கண் சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் சொட்டு மருந்தை நீங்களாக எடுக்காதீர்கள். அது இரத்தக் குழாயைச் சுருக்குவது. நாள்கணக்கில் விட்டால், நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிடக் கூடித் திரும்பி வரும். "இரண்டு கண்ணும் அரிக்கிறது, வலி இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது, ஹிஸ்டமினைத் தடுக்கும் கண் சொட்டு மருந்து வேண்டும்" என்று சொல்லுங்கள். கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, கண் அழுத்தம் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தும்மலும் இருந்தால் செட்டிரிசின், லோரடடின் போன்ற மாத்திரை பற்றிக் கேட்கலாம். செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். சாரம் ஏறுகிறவர்களும் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்களும் முதல் மாத்திரையை விடுமுறைக்கு முந்திய இரவில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குப் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் (பிரிசர்வேட்டிவ்) இல்லாத செயற்கைக் கண்ணீர் நல்லது. கண்ணில் ஒட்டிய தூசியைக் கழுவிவிடும். சுத்தமான துணியை நனைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்தாலும் அரிப்பு நன்றாகத் தணியும். யூஃப்ரேசியாவுக்குத் தரும் நம்பிக்கையில் பாதியை இந்த ஈரத்துணிக்குத் தந்துபாருங்கள்.

சொட்டு விடும் முறை: கையைக் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, கீழ் இமையைத் தாழ இழுத்தால் ஒரு சிறு பை போல விரியும். அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது, கசக்காது. இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். குப்பியைத் திறந்த தேதியைப் பேனாவால் அதன்மேல் எழுதுங்கள். வேறு குறிப்பு இல்லாவிட்டால் 28 நாளுக்குப் பிறகு எறிந்துவிட வேண்டும்.

ஏழாம் படி: பெட்டியில் உள்ள மற்றவை

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவது, பன்னீர் விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது எல்லாம் அன்பினால் நமக்கு வந்த வழக்கங்கள். மூடிய இமைமேல் குளிர்ந்த பூவை வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும், அதோடு நிற்கட்டும். கண்ணுக்குள் எதுவும் போக வேண்டாம்.

யூஃப்ரேசியாவைவிட எனக்கு மிகுந்த அச்சம் தருவது, ஊர்க் கடையில் சீட்டில்லாமல் வாங்கி வரும் ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்து. இரண்டே நாளில் கண் வெளுத்துவிடும். அதனால் நல்ல மருந்து என்று நண்பர்களுக்கும் கொடுப்பார்கள். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வளரும். அக்கி வகைத் தொற்று இருந்தால் கருவிழியே கெட்டுவிடும். குப்பியில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். மூலிகை என்று மட்டும் எழுதி, ஸ்டீராய்டை மறைத்துக் கலந்து விற்ற பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது.

எட்டாம் படி: மருத்துவரிடம் போகும்போது

தமிழ்நாட்டில் ஹோமியோபதி படித்துப் பட்டம் பெற்று, அரசிடம் பதிவுசெய்த மருத்துவர்கள் உண்டு. மதுரை அருகே திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதிக் கல்லூரியே இருக்கிறது. சிங்கப்பூரில் சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இருக்கிறது, ஹோமியோபதி பார்ப்பவர்களுக்கு அப்படிப்பட்ட சட்டப் பதிவு இல்லை. ஹோமியோபதி பார்ப்பவர் எழுதிக்கொடுக்கும் விடுப்புச் சீட்டை வைத்து மருத்துவ விடுப்புக் கேட்க முடியாது.

முதலில் பக்கத்து மருத்துவரின் கிளினிக் அல்லது பலதுறை மருந்தகம். தேவைப்பட்டால் அங்கிருந்தே கண் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். விடுதியில் தங்கும் ஊழியர்கள் 2022 முதல் நடப்பில் உள்ள முதன்மைப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் தங்கள் வட்டார மருத்துவ நிலையத்துக்குப் போகலாம்.

போகும்போது ஊர் மருந்து, யூஃப்ரேசியா, இணையத்தில் வாங்கியது எல்லாக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று ஒளிக்க வேண்டாம். காலையில் கண் மிக மோசமாக இருக்கும் நேரத்தில் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மாலையில் மருத்துவர் பார்க்கும்போது கண் தெளிந்துவிட்டிருக்கும். முடிந்தால் மெத்தையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.